சீட்டு எழுதாமல் வெள்ளி கொடுக்காதீர்கள்: பைத்தானில் பின்னணி டாஸ்க்குகள்

(திரை: கொலுசுப் பட்டறை. மேசைமேல் தராசு, நீள நோட்டு.)

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மாமா, நோட்டில் எழுதாமல் யார் வீட்டுக்கும் வெள்ளி கொடுக்க மாட்டார். பற்றவைக்க அரைக் கிலோ போகிறதா? பெயர், எடை, தேதி. திரும்பி வந்தால் நேரே தராசு. சேதாரம் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் பெயரை அடிப்பார்.

அவருக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வேலை வாங்கிப் போன 40 பேருக்கும் சாயங்காலம் கணக்கு மெசேஜ் போக வேண்டும். பைத்தானில் அசிங்க்ஐஓ: ஒரு வேலை காத்திருக்கும்போதே இன்னொன்றை ஓட்டவிடும் நூலகம். (பெயரைக் கேட்டதும் மாமா முகத்தைச் சுளித்தார். வைத்தது நான் இல்லையே!) ஒவ்வொரு மெசேஜையும் ஒரு டாஸ்க்காக, அதாவது பின்னணியில் ஓடும் தனி வேலையாக, கிரியேட் டாஸ்க்கில் போட்டேன். ஓடியது, முடிந்தது, எரர் ஒன்றுமில்லை. மெசேஜ் போனதோ ஏழு பேருக்கு.

(திரை: மெயின் ஃபங்ஷன், கடைசி வரி மஞ்சளில்.)

காரணம் இதுதான். கிரியேட் டாஸ்க் வேலையை வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும், முடியும்வரை நிற்காது. என் மெயின் ஃபங்ஷன் அதற்குள் முடிந்துவிட்டது. அது முடிந்தால், மிச்சமிருக்கும் டாஸ்க்குகளை, மெயினை ஓட்டும் அசிங்க்ஐஓ ரன் கேன்சல் செய்துவிடும். 33 பேர் அப்படிப் போனார்கள்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. டாஸ்க்குகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஈவன்ட் லூப், டாஸ்க்கைப் பிடித்திருப்பது வீக் ரெஃபரன்ஸில்தான்; அது தளர்ந்த பிடி, டாஸ்க்கை நினைவகத்தில் தக்கவைக்காது. நாமும் பிடிக்காமல் விட்டால், யாரும் பிடிக்காததை நினைவகத்திலிருந்து அகற்றும் கார்பேஜ் கலெக்டர் அதைப் பாதி வேலையிலேயே கூட்டித் தள்ளலாம். பைத்தான் ஆவணமே இதை எச்சரிக்கிறது. கிரியேட் டாஸ்க் திருப்பித் தருவது வெள்ளிக்கான சீட்டு. அதைக் கீழே போடாதீர்கள்.

சரி, நோட்டுப் போடுவோம். ஒரு செட். டாஸ்க் பிறந்ததும் அதில் சேர்க்கிறோம்; முடிந்ததும் ஆட் டன் கால்பேக் (டாஸ்க் முடிந்தவுடன் நாம் சொன்ன ஃபங்ஷனைக் கூப்பிடுவது) வழியாக டிஸ்கார்ட், அதாவது செட்டிலிருந்து நீக்கம். கடைசியில் செட்டில் இருப்பதையெல்லாம், விடைகளைச் சேர்த்துத் தரும் கேதரில் கொடுத்து அவெய்ட், அதாவது எல்லாம் முடியும்வரை காத்திருப்பு.

2022-இல் வந்த பைத்தான் 3.11-இல் டாஸ்க் குரூப் இருக்கிறதே என்பீர்கள். நல்ல சாமான்தான், எல்லாம் முடியும்வரை தானே காத்திருக்கும். ஆனால் ஒன்றில் எரர் வந்தால் மற்றதையெல்லாம் கேன்சல் செய்யும். ஒரு வீட்டில் பற்றவைப்பு கெட்டதற்காக 39 வீட்டுக்கும் போய் வெள்ளியைப் பிடுங்குவதா? இங்கே எனக்கு அது வேண்டாம். கேதரில் ரிட்டர்ன் எக்செப்ஷன்ஸ் ட்ரூ என்று வைத்தால் எரரும் விடைகளோடு வரிசையில் வந்து உட்காரும்.

(திரை: கால்பேக் ஃபங்ஷன், பெரிதாக.)

அப்புறமும் 39 மெசேஜ்தான் போனது.

டிஸ்கார்ட் மட்டும் செய்வது, தராசில் வைக்காமல் பெயரை அடிப்பது மாதிரி. கேதருக்கு முன்பே எரரோடு முடிந்த டாஸ்க், செட்டிலிருந்து நழுவிவிடும்; அதன் எரரைக் கேதர் பார்க்கவே பார்க்காது. அதனால் கால்பேக்குக்குள்ளேயே நிறுக்க வேண்டும். முதலில் கேன்சல்டா என்று கேளுங்கள். கேன்சல் ஆன டாஸ்க்கிடம் எக்செப்ஷன் (என்ன எரர் என்று) கேட்டால் அதுவே எரர் எறியும். இல்லையென்றால் எக்செப்ஷனை வாங்கி லாகில், அதாவது புரோகிராமின் பதிவேட்டில், எழுதுங்கள். டிஸ்கார்ட் அதற்குப் பிறகு.

அன்றைக்கே லாகில் ஒரு வரி விழுந்தது. சிவதாபுரத்துக்காரர் ஒருவரின் போன் நம்பரில் ஒன்பது இலக்கம்தான் இருந்தது.