இன்டர்நெட் ஒரு ஆளா இருந்தா... நிச்சயமா ஹூடி போட்ட பையன் இல்ல!

வணக்கம் மக்களே! இந்த வாரம் எந்தப் பக்கம் ஸ்க்ரோல் பண்ணாலும் அதே ஏஐ படம். இன்டர்நெட் மனுஷனா இருந்தா எப்படி இருப்பாராம்? ஹூடி போட்ட இருபது வயசுப் பையன், எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி. கடுப்பாகுது! இன்டர்நெட்டோட முன்னோடி நெட்வொர்க்கான அர்பாநெட், இன்னைக்கும் இன்டர்நெட் பேசுற விதிமுறையான டிசிபி/ஐபிக்கு மாறினதே 1983 ஜனவரி 1. இவரு நாற்பதைத் தாண்டின ஆளுங்க.

வாக்குக் கொடுக்கவே மாட்டாரு. தகவலுக்கு வழிகாட்டுற ரௌட்டர்ல வரிசை நிரம்பிட்டா பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, சத்தமில்லாம கீழே போட்டுட்டுப் போயிடுவாரு. தொலைஞ்சதைத் திரும்ப அனுப்புறது ரெண்டு முனையிலயும் உட்கார்ந்திருக்கிற டிசிபியோட வேலை.

அதோட சரியான வெள்ளந்தி. 2008 பிப்ரவரில பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபோட முகவரித் தொகுதில ஒரு துண்டை 'என்கிட்ட இருக்கு'ன்னு பிஜிபில (நெட்வொர்க்குகள் ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கிற முறை) அறிவிச்சது வெளிய கசிஞ்சது. யூடியூப் சொன்னது /22, இவங்க சொன்னது /24 (இந்த எண் பெருசானா துண்டு சின்னதுன்னு அர்த்தம்). சின்னத் துண்டுக்குத்தான் முன்னுரிமைங்கிறதால உலகமே அந்தப் பக்கம் திரும்பிடுச்சு.

ஆனா எனக்கு ஆகவே ஆகாத குணம், பிடிவாதம். டிஎன்எஸ், அதாவது இணையதளப் பேருக்கு ஐபி முகவரி சொல்ற அமைப்பு! டிடிஎல்லை (பதிலை எவ்வளவு நேரம் ஞாபகம் வச்சுக்கலாம்ங்கிற கணக்கு) 86400 விநாடி, அதாவது ஒரு நாள்னு வச்சுட்டு ஏ ரெக்கார்டை (பேருக்கு எந்த ஐபின்னு சொல்ற பதிவு) மாத்துறீங்க. இப்பதான் கேட்டுட்டுப் போன ரிசால்வர் (நமக்காக டிஎன்எஸ்ல தேடி பதிலை வச்சுக்கிற சர்வர்) கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கப் பழைய ஐபியையே சொல்லும். அதனால முதல்ல டிடிஎல்லை 300 ஆக்குங்க, அப்புறம் ஐபியை மாத்துங்க.

இருங்க இருங்க, முக்கியமானதை விட்டுட்டேன். 300 ஆக்கின சேதியே அவருக்குப் பழைய 86400 தீர்ந்தாதான் தெரியும்! அதனால டிடிஎல்லைக் குறைச்சிட்டு ஒரு நாள் முழுசா காத்திருந்துதான் ஐபில கை வைக்கணும். குறைச்ச கையோட மாத்தினா குறைச்சதே வேஸ்ட்.

இன்னொரு வில்லங்கம் இருக்கு. புது சப்டொமைனுக்கு ரெக்கார்டு போடுறதுக்கு முன்னாடியே 'வந்துடுச்சா'ன்னு பிரவுசர்ல தட்டிப் பார்க்காதீங்க. 'அப்படி ஒண்ணு இல்ல'ங்கிற பதிலையும் அவரு ஞாபகம் வச்சுக்குவாரு. எவ்வளவு நேரம்? எஸ்ஓஏ ரெக்கார்டோட (உங்க டொமைனோட அடிப்படை விவரப் பதிவு) கடைசி எண்ணைப் பாருங்க. எஸ்ஓஏவோட டிடிஎல் அதைவிடக் கம்மியா இருந்தா அந்த டிடிஎல்தான் கணக்கு. அந்தக் கணக்கு 3600 விநாடின்னா ஒரு மணி நேரம் வரைக்கும் உங்க ரெக்கார்டு சரியாவே இருந்தாலும் 'இல்ல'தான். பதறிப்போய் நல்லா இருக்கிற ரெக்கார்டை அழிச்சு அழிச்சுப் போடுறது இங்கதான் நடக்குது.

செக் பண்ணணும்னா டிக் (dig) கமாண்டுல, அதாவது டிஎன்எஸ்கிட்ட கேள்வி கேட்கிற கருவில, @ போட்டு உங்க நேம்சர்வர் (உங்க ரெக்கார்டுகளை வச்சிருக்கிற சர்வர்) பேரைக் கொடுத்து நேரா அங்கயே கேளுங்க. நடுவுல ஞாபகம் வச்சிருக்கிற கேஷ் எதுவும் குறுக்க வராது. பழைய சர்வரையும் அன்னைக்கே அணைச்சிடாதீங்க. சில ரிசால்வர் டிடிஎல்லையே மதிக்காது, ரெண்டு நாள் ஓடட்டும்.