அத்தை பேச்சு போனுக்கு ஏறுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் அத்தைக்கு 78 வயது. பிறந்து வளர்ந்தது அம்பாசமுத்திரம் பக்கம். போன வருடம் பேரன் தன் பழைய போனைக் கொடுத்து, "பாட்டி, இதுல எதையும் தட்ட வேண்டாம், வாயால சொன்னாப் போதும்" என்றான். மறுநாள் விடியற்காலை அத்தை அதைக் கையில் வைத்துக்கொண்டு, "சீர்காழி பாட்டுப் போடுளா" என்றார். சீர்காழியில் இன்றைக்கு எவ்வளவு வெயில் என்று போன் சொன்னது.

அத்தை விடவில்லை. "காது மந்தமா இதுக்கு?" என்று குரலை உயர்த்தினார். மறுபடியும் வெயில். பேரன் எழுந்து வந்து, கண்ணைக்கூடத் திறக்காமல், "சீர்காழி கோவிந்தராஜன் பாடல்கள்" என்றான். உடனே பாட்டு வந்தது. அன்றிலிருந்து அத்தைக்கு இரண்டு தமிழ். எங்களிடம் அம்பாசமுத்திரத் தமிழ். போனிடம் மட்டும் இந்த வானொலியில் செய்தி வாசிக்கிறவர்களைப் போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி. கேட்டால் சிரிப்பு வரும். எனக்குக் கொஞ்சம் வருத்தமும் வந்தது. இயந்திரம் மனுஷிக்குப் பழக வேண்டியது போய், மனுஷி இயந்திரத்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறார்.

ஒரு மாதத்தில் அதுவும் பழகத்தான் செய்தது. "பாட்டு" என்று சொன்னாலே சீர்காழி வந்துவிடுவார். ஆளறிந்து நடக்கிறதே என்று சந்தோஷப்பட்டோம். அப்புறம் ஒருநாள், "சம்முவத்துக்குப் போன் போடு" என்றார். அப்படி யாரும் இல்லையாம். சண்முகம் என்று பதிந்து வைத்திருக்கிறோம், பாருங்கள். அத்தைக்கு என்ன பிடிக்கும் என்பதை அது தெரிந்துகொண்டது. அத்தை எப்படிப் பேசுவார் என்பதைத் தெரிந்துகொள்ளவில்லை. பழகுவது வேறு, புரிவது வேறு. இதை இன்னொரு தடவையும் சொல்வேன்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் என்று ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சுணர் மென்பொருள்களுக்கு, அதாவது பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள்களுக்கு, உரையாடல் பதிவுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையர் பேசிய 100 சொற்களில் சராசரியாக 19 பிழை. கறுப்பின மக்கள் பேசியதில் 35. இரு தரப்பாரும் ஒரே சொற்றொடரைச் சொன்ன இடங்களிலும் பிழை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆக, என்ன சொல்கிறோம் என்பதில் இல்லை சிக்கல். எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான். எந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்ததோ, அந்தக் குரல்கள்தான் அதற்கு எளிது.

நமக்கோ கூடுதலாக ஒரு தொல்லை. எழுதுகிற தமிழை யாரும் வீட்டில் பேசுவதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கிய மொஸில்லா, இயந்திரங்களுக்குப் பேச்சுப் பழக்குவதற்காகக் குரல் சேர்க்க 2017-இல் தொடங்கிய காமன் வாய்ஸ் என்ற திட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் குரல் கொடுக்கலாம், தமிழிலும்தான். நல்ல காரியம். நானும் கொடுத்தேன். ஆனால் நான் கொடுத்தபோது திரையில் வரும் வாக்கியத்தை வாசிக்க வேண்டியிருந்தது. வாசிக்கும்போது நானே செய்தி வாசிப்பாளர் ஆகிவிட்டேன்! "சம்முவம்" அங்கே எப்படி வரும்? இந்திய மொழிகளை இயந்திரங்களுக்குப் பழக்கும் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவினர், வாசிப்போடு நிற்காமல், மக்கள் தாமாகப் பேசுவதையும் பதிந்து சேர்க்கிறார்கள். அத்தைக்கு வழி பிறந்தால் அந்தப் பக்கம்தான் பிறக்கும். இல்லாவிட்டால், சொன்னேனே, பழகுமே தவிரப் புரியாது.

ஏவல் கேட்கும் இந்தக் குரல்கள் பெரும்பாலும் ஏன் பெண் குரலாகவே வந்தன என்று சொல்ல இரண்டு பக்கம் எழுதி வந்தேன். நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று: 2019-இல் யுனெஸ்கோவே இதைக் கண்டித்து எழுதியது, 2021-இல் ஆப்பிள், எந்தக் குரல் வேண்டும் என்று ஆங்கிலத்தில் பயன்படுத்துகிறவர்களையே கேட்கத் தொடங்கியது. எங்கள் போனில் ஆண் குரல் வைக்கலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "எவன் பேசினா என்ன, சம்முவத்தைக் கூப்பிடுவானா?" என்றார்.

நன்றி, வணக்கம்.