வேலை இழந்த ஆறு

(மதுரையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே, மின்விசிறி எட்டாத மூலையிலும் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

என்னை அறிமுகப்படுத்திய தம்பி 'நீரியல் வல்லுநர்' என்றார். அது பெரிய வார்த்தை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழாய் போட்டவன் நான், அவ்வளவுதான். பணியில் இருந்தவரை ஆறு என்றால் எனக்குக் குழாய் கடந்துபோக வேண்டிய ஓர் இடைஞ்சல். பாலத்தின் ஓரமாகக் கட்டிக்கொண்டு போகலாமா, மணலுக்கு அடியில் புதைக்கலாமா என்பதே கேள்வியாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகுதான் கரையில் நின்று ஆற்றைப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு பழைய முகவரி. பாண்டியர் கல்வெட்டுகளில் இந்த ஊரின் பெயர் பல இடங்களில் 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று வருகிறது. மாடக்குளம் கண்மாயின் கீழே இருக்கும் மதுரை. 'கீழ்' என்ற சொல்லை விவசாயம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'எங்கள் வயல் இன்ன கண்மாயின் கீழ் இருக்கிறது' என்றால் அதன் மடை திறந்தால்தான் அங்கே பயிர் என்று பொருள். அரசன் இருந்த ஊர், தன்னை ஒரு கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதன் பாசன நிலம், என்று கல்லில் வெட்டிக்கொண்டது. இன்று அதே பக்கத்தில் மனை விற்பவர்கள் 'பேருந்து நிறுத்தத்துக்கு ஐந்தே நிமிடம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். கண்மாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வைகைக்கு வருகிறேன். வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடி ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் முடிகிற ஆறு. மிஞ்சினால்தான் கடல். சிவனுக்கு நஞ்சைக் கொடுத்த பாவி என்று கோபித்துக்கொண்டு வைகை கடலில் புகுவதில்லை என்று ஒரு பழம்புலவர் பாடி வைத்தார். அழகான கற்பனைதான். ஆனால் பொறியாளன் கண்ணுக்கு வேறொன்று தெரிகிறது. வழியெங்கும் இருகரையிலும் வாய்க்கால் பிரிந்து, கண்மாய் கண்மாயாக நிரப்பி, ஒன்று நிறைந்து வழியும் மறுகால் அடுத்ததின் வரத்தாகி, கடைசிச் சொட்டு வரைக்கும் வேலை வாங்கப்பட்ட ஆறு இது. அதற்கு நீர் போதாது என்றுதான் மேற்கே ஓடிய பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள், 1895இல். 1959இல் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை வந்தது.

நகரம் எங்கே தண்ணீர் குடித்தது? ஆற்று மணலில். கோச்சடை, மேலக்கால், தச்சம்பத்து, கீழே மணலூர் என்று ஆற்றுக்குள்ளேயே கிணறு இறக்கி, மணல் வடிகட்டிக் கொடுத்த நீரை இறைத்துக் குடித்தார்கள். அதற்கும் முன்பு கீழடியில் உறைகிணறு வைத்துக் குடித்தவர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஆற்றில் மேட்டுப்பக்கம் யாராவது அழுக்கைக் கொட்டினால் இரண்டு நாளில் கீழே இருப்பவன் வயிற்றுக்குத் தெரிந்துவிடும். அதனால் கொட்டியவனுக்கு உதையும் விழும்.

பிறகு வைகை அணையிலிருந்தே குழாய் வந்தது. அதுவும் போதவில்லை என்று முல்லைப் பெரியாற்று நீரை லோயர் கேம்ப்பிலிருந்து நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் வந்தது. நான் குழாயைக் குறை சொல்ல மாட்டேன். கோடையில் நான்கு நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீருக்காக இரவு இரண்டு மணிக்குக் குடத்தோடு நின்றவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நின்று 'குழாய் வேண்டாம், ஆறே போதும்' என்று பேசுபவனுக்குக் குடம் தூக்கிப் பழக்கம் இல்லை என்று அர்த்தம். ஆனால் குழாய் வந்ததில் ஒன்று நடந்தது. அதுவரை தண்ணீர் ஆற்றின் வழியே ஊருக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது ஆற்றுக்குப் பக்கத்திலேயே, ஆற்றைத் தொடாமல், இரும்புக்குள் வருகிறது. ஆற்று மணல் கிணறுகள் சிலவற்றில் இன்னும் நீர் எடுக்கிறார்கள் என்றாலும் நகரம் அவற்றை நம்பி இல்லை. ஊருக்குள் ஓடும் வைகைக்கு வேலை போய்விட்டது. எந்தத் தொண்டையும் அதை நம்பி இல்லாதபோது அதில் எது விழுந்தாலும் யாருக்கும் வயிறு வலிப்பதில்லை.

வேலை இல்லாத ஆற்றுக்கு நகரம் தானாக ஒரு வேலை கொடுக்கும். சாக்கடை சுமக்கும் வேலை. கிருதுமால் ஆற்றைப் பாருங்கள். மீன் அவதாரக் கதையில் அரசனின் கைநீரில் சிறு மீன் வந்து சேர்ந்ததாகச் சொல்லும் ஆறு அது. இன்று நகரத்துக்குள் அதை ஆறு என்று சொன்னால் ஆட்டோ ஓட்டுநருக்குப் புரியாது. 'அந்தப் பெரிய சாக்கடை' என்றால் உடனே கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

வடகரையில் பந்தல்குடி வாய்க்கால் வைகையில் சேரும் இடத்துக்குப் போன மாதம் காலையில் போனேன். கண்மாய்களின் உபரி நீரை ஆற்றுக்குக் கொண்டுவருவதற்காக ஏற்பட்ட வாய்க்கால். மழை பெய்து பல வாரம் ஆகியிருந்தது, ஆனாலும் நீர் ஓடுகிறது. கறுப்பாக, அவசரமில்லாமல். கரையில் நின்று எண்ணினேன். ஐம்பதடித் தூரத்தில் வாய்க்கால் சுவரைத் துளைத்து நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குழாய்கள் பதினொன்று. ஒன்றில் சோப்பு நுரை, ஒன்றில் சாயம் போல ஏதோ நீலம், மற்றவற்றைச் சொல்ல வேண்டாம். ஒரு வீட்டின் குழாய் வாயில் பழைய சல்லடைத் துணி கட்டியிருந்தார்கள், எலி ஏறாமல் இருக்க. அந்த ஒரு துணியில் எவ்வளவு அக்கறை பாருங்கள்! எல்லாம் உள்ளே வருவதைப் பற்றிய அக்கறை. வெளியே போவதைப் பற்றி இல்லை.

அந்த வீட்டுக்காரரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தெருவில் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் கழிவு அவர் வீட்டுக் குளியலறைக்குள் பொங்குகிறது. நீரேற்று நிலையத்தில் மோட்டார் நின்றாலும் அதே கதைதான். அவர் ஒரு கொத்தனாரைப் பிடித்து இரவோடு இரவாக வாய்க்காலுக்குள் ஒரு குழாயை விட்டுவிடுகிறார். பிரச்சினை அவரைப் பொறுத்தவரை தீர்ந்தது. வாய்க்காலில் தொடங்குகிறது. கழிவு கொண்டுவரும் சேறு நாள்தோறும் அடியில் படிகிறது. அந்தச் சேற்றுச் சத்தில் ஆகாயத்தாமரை தழைக்கிறது. எட்டடி ஆழ வாய்க்கால் மூன்றடி ஆகிறது. ஐப்பசியில் அடைமழை கொட்டும்போது கண்மாய் மறுகால் வந்து நிற்கிறது, உள்ளே இடம் இல்லை. 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் செல்லூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறு ஆண்டு முதல்வர் வந்தபோது இதே வாய்க்காலைத் துணி கட்டி மறைத்தார்கள். செய்தி வெளியானதும் அவரே நேரில் வந்து பார்த்தார்.

வெள்ளம், சாக்கடை, குடிநீர் என்று மூன்று பெயர் வைத்துப் பேசுகிறோம். ஒரே தண்ணீர், காலையில் குடிநீர் வாரியத்தின் கோப்பில் இருக்கிறது, நாம் குளித்து முடித்ததும் மாநகராட்சியின் கோப்புக்குப் போகிறது, மாலையில் ஆற்றில் விழுந்தால் நீர்வளத் துறையின் கோப்புக்கு மாறிவிடுகிறது. ஒவ்வொருவரும் தன் எல்லையில் நன்றாகவே வேலை செய்யலாம். நானும் செய்திருக்கிறேன். இளம் பொறியாளனாக இருந்தபோது, வேறோர் ஊரில், காய்ந்துகிடந்த ஒரு பள்ளத்தின் மேல் சாலைக்காக ஓரடிக் குழாய் ஒன்றை வைத்து மூடினோம். வழியில் போன நீர்பாய்ச்சி, கண்மாய் மடையைத் திறந்து வயலுக்கு நீர் விடுபவர், நின்றார். "தம்பி, இது கண்மாய்க்கு வரத்துக்கால். ஐப்பசியில் வந்து பாருங்கள், ஆளை அடிக்கும்" என்றார். அளவெடுத்துத்தான் போட்டிருக்கிறோம் என்றேன். ஐப்பசியில் சாலை போனது. அவர் வந்து ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டுப் போனார். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த நீர்பாய்ச்சிகள் இப்போது இல்லை. 2011இல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. சுற்றியிருந்த ஊர்கள் கண்மாயோடு சேர்ந்து நகரத்துக்குள் வந்தன. வயல் மனையானது. ஆயக்கட்டு இல்லாத கண்மாய்க்கு மடை திறக்க ஆள் எதற்கு? ஆற்றைப் போலவே கண்மாய்க்கும் வேலை போனது. வேலை போன இடத்தில் கட்டடம் வந்தது. தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சி அலுவலகமே இருக்கிறது, உலகனேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளை. கண்மாய் ஆக்கிரமிப்பு வழக்கை எங்கே போய்த் தொடுப்பது என்று யோசித்தால் சிரிப்பு வரும், கொஞ்ச நேரத்தில் நின்றும் விடும்.

இந்தக் கண்மாய்களுக்கு இனி நெல் விளைவிக்கும் வேலை இல்லை, சரி. வெள்ளத்தைப் பிடித்து வைக்கும் வேலையும் நிலத்தடிக்கு நீர் இறக்கும் வேலையும் இருக்கின்றன. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருமலை நாயக்கர் வெட்டியது. இந்த அரங்கில் பாதிப்பேர் அதில் கிரிக்கெட் ஆடியிருப்பீர்கள். அப்படிக் காய்ந்து கிடந்தது. தைத் தெப்பத்துக்கு மட்டும் நீர் இறைத்துவிடுவார்கள். அதற்கு வைகையிலிருந்து வாய்க்கால் உண்டு, பனையூர்க் கால்வாய் வழியாக. அடைபட்டிருந்த அந்த வழியைத் தூர்வாரித் திறந்ததும், ஆற்றில் நீர் வந்தபோது, மோட்டார் இல்லாமல் குளம் நிறைந்தது. நாயக்கர் காலத்து மட்டக்கணக்கு அப்படியே நிற்கிறது. அக்கம்பக்கத் தெருக்களில் ஆழ்துளைக் கிணற்றில் நீர் ஏறியதாக அங்கே குடியிருப்பவர்கள் என்னிடம் சொன்னார்கள். மாலையில் படிக்கட்டில் உட்கார இடம் கிடைப்பதில்லை. ஆற்றுக்கு ஒரே ஒரு வேலையைத் திருப்பிக் கொடுத்ததன் பலன் இது.

ஆனால் சீர்மிகு நகரத் திட்டத்தில் வைகைக்குக் கொடுத்தது வேலை அல்ல, சுவர். இருகரையிலும் கான்கிரீட், அதன்மேல் சாலை. சாலை தேவைதான், நானும் அதில் போகிறேன். அகமதாபாத்தில் சபர்மதிக் கரையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதைப் போல வேண்டும் என்கிறார்கள். அங்கே தெரிவது நர்மதைக் கால்வாய் கொண்டுவந்து நிரப்பிய நீர். நமக்கு எந்த நர்மதை இருக்கிறது? சிங்கப்பூர் ஆற்றின் கதை வேறு. 1977இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள், அங்கே முதலில் கரையில் பூங்கா வைக்கவில்லை. பன்றிப் பண்ணைகளை அகற்றினார்கள், கரையோரக் குடிசைவாசிகளுக்கு வீடு கொடுத்தார்கள், தெருக்கடைகளுக்குக் குழாயும் வடிகாலும் உள்ள இடம் கொடுத்தார்கள், பிறகுதான் அடிச்சேற்றை அள்ளினார்கள். அங்கேயும் மனம் நொந்து இடம் பெயர்ந்தவர்கள் உண்டு, அதை மறைக்க வேண்டாம். 2008இல் முகத்துவாரத்தில் தடுப்பணை கட்டி, அந்த ஆறு போய்ச் சேரும் இடத்தையே குடிநீர்த் தேக்கமாக்கினார்கள். இனி அங்கே ஒருவன் வாய்க்காலில் எதையாவது கொட்டினால் அது அவனுடைய குழாய்க்கே வரும். பழைய மதுரையின் ஏற்பாடும் அதுதான்.

கழிவுநீரைச் சுத்திகரித்துக் கண்மாயில் விடலாமே என்று கேட்பீர்கள். விடலாம், சுத்திகரித்திருந்தால். அவனியாபுரம் பக்கம் அயன்பாப்பாக்குடிக் கண்மாயிலிருந்து வெண்ணுரை பறந்து சாலைக்கு வந்த படங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அரைகுறை நீரைக் கண்மாயில் விடுவதைவிட விடாமல் இருப்பதே மேல். நிலத்தடியில் இறங்கிய கெடுதலைத் தூர்வார முடியாது.

புட்டுக்கு மண் சுமந்த கதை தெரியாதவர்கள் இந்த ஊரில் இல்லை. சிறுவயதில் பிரம்படி விழும் இடத்துக்காகக் காத்திருந்து கேட்பேன். இப்போது கதையின் தொடக்கத்தில்தான் மனம் நிற்கிறது. வைகை உடைத்துக்கொண்டதும் அரசன் கரையை அளந்து வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போடுகிறான். வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு உண்டு. தனியாள், வயதானவள், புட்டு விற்றுப் பிழைப்பவள், அதனால் விட்டுவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு கூலியாள்தான் தேவைப்பட்டான். இன்று எந்தக் கரையும் யார் பங்கிலும் இல்லை.

எல்லாத் துறையும் ஒன்றாக உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பது நடக்கிற காரியமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறதே! கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ஆட்சியர் கூட்டம் போடுகிறார். அணைக்காரர்கள் எந்த நாள் எத்தனை மணிக்குத் திறந்தால் அழகர் வரும்போது நீர் வந்து சேரும் என்று கணக்குச் சொல்கிறார்கள். மாநகராட்சி ஆற்றில் குப்பை அள்ளுகிறது, கழிவு வாய்களை அடைக்கிறது. காவல்துறை, மின்வாரியம், கோயில் என்று யாரும் 'இது என் எல்லை இல்லை' என்று சொல்வதில்லை. வறண்ட ஆண்டில் ஆற்றுக்குள் தொட்டி கட்டி நீர் நிரப்பியாவது அழகரை இறக்கினார்கள். தோப்பறை என்னும் தோல்பையில் நீர் நிரப்பி அவர்மேல் பீய்ச்சும் பையன், அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கப்போவதில்லை. ஆனால் ஆட்சியர் அலுவலகத்தில் அந்தக் கூட்டத்தின் குறிப்பு இருக்கும். என் கோரிக்கை சின்னது. அதே ஆட்களை, அதே மேசையில், ஆடியில் ஒருமுறையும் ஐப்பசிக்கு முன்பு ஒருமுறையும் உட்கார வையுங்கள். அழகருக்குப் பதிலாகக் கண்மாய்களின் பட்டியலை நடுவில் வையுங்கள். எந்த வரத்துக்கால் அடைத்திருக்கிறது, எந்த மடை திறக்கவில்லை, எந்த நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓடவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நாங்கள் ஐந்தாறு பேர் பந்தல்குடி வாய்க்காலை மேலிருந்து ஆறு வரைக்கும் நடந்து குழாய்களை எண்ணப் போகிறோம். யார் வீட்டுக் குழாய் என்று எழுதமாட்டோம், எண்ணிக்கை மட்டும்தான். விருப்பமுள்ளவர்கள் வரலாம். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள், தோல் செருப்பு வேண்டாம். வணக்கம்.