முழங்கால் நோவும் தொடைத் தசையும்

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

முழங்கால் நோவுக்கு மருந்து தேட முன், காலையில் எழும்பியதும் மூட்டு எவ்வளவு நேரம் இறுகிக் கிடக்கிறது என்று பாருங்கள். நாலடி நடந்ததும் இளகி, அரை மணித்தியாலத்துக்குள் சரியானால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். ஒரு மணித்தியாலம் கடந்தும் விடாமல், இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதமாக இருக்கலாம். அதை எண்ணெய் பூசி நாள் கடத்தவேண்டாம். முதற் சில மாதங்களில் வைத்தியம் தொடங்கினால்தான் மூட்டுச் சிதையாமல் காக்கலாம். 2006இல் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நுளம்பால் பரவிய சிக்குன்குனியாவும் காய்ச்சல் விட்ட பிறகு மாதக்கணக்கில் மூட்டை நோகவைக்கும். நுளம்புக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால், டெங்கு இல்லையென்று தெரியும்வரை டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் போன்ற நோவு மருந்துகளைத் தொடவே கூடாது. இரத்தக் கசிவு கூடும்.

தேய்மானம் உள்ளவர்கள் செய்யும் பெரிய பிழை, நோகுது என்று நடமாட்டத்தையே விட்டுவிடுவது. முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. கால் அசையாவிட்டால் அது மெலியும். மெலிந்தால் பாரமெல்லாம் மூட்டிலேயே விழும். நோவு இன்னும் கூடும்.

அந்தத் தசையைக் கதிரையில் இருந்தபடியே பலப்படுத்தலாம். முதுகு சாய்ந்திருக்கட்டும். ஒரு காலை மெதுவாக நீட்டி, குதிக்கால் முன்னே தள்ளி, பாதவிரல்கள் உங்களைப் பார்க்கும்படி மடக்குங்கள். முழங்காலுக்கு மேலே கைவைத்துப் பாருங்கள், தசை கல்லுப்போல இறுகியிருக்க வேண்டும். இறுகாவிட்டால் கால் முழுதாக நீளவில்லை. ஐந்து செக்கன் பிடித்து, மெல்ல இறக்குங்கள். தொப்பென்று விட்டால் பாதிப் பலன் போய்விடும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, நாளுக்கு இரண்டு வேளை. மூச்சை அடக்கவேண்டாம். செய்யும்போது இலேசான உளைவு இருக்கலாம். மறுநாள் காலையும் நோவு கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் செல்லும். இடையில் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

ஊன்றுகோலை நோகாத பக்கத்துக் கையில் பிடியுங்கள். பலர் நோகிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும். பாய் இழைப்பவர்கள், வயலில் களை பிடுங்குபவர்கள் குந்தியே இருக்காமல் ஒரு சிறு பலகையில் இருக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை எழும்பிக் காலை நீட்டுங்கள். தரையில் இருந்து எழும்ப முடியாதவர்கள் கதிரையில் இருந்து தொழுவதில் கூச்சப்படத் தேவையில்லை.

பாமசியில் கலந்து கட்டித் தரும் பெயர் தெரியாத குளிசைகளும் தூள்களும்தான் எனக்குப் பெரிய கவலை. சிலவற்றில் ஸ்டீரொய்ட் இருக்கும். நோவு உடனே பறக்கும், சீனி வியாதியும் பிரசரும் ஏறும். டைக்ளோஃபெனாக் நாட்பட்டால் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

ஒரு முழங்கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் இருந்து, காலை ஊன்றவே முடியாவிட்டால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அதில் எண்ணெய் தேய்த்து உருவவேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.