பெர்வீஸ் நிலவறை

நேயர்களுக்கு வணக்கம்.

போர்முனையில் தொண்டு செய்த பெண்கள் என்றதும் வெள்ளை உடுப்பும் கனிந்த முகமும்தான் நம் கண்முன் வரும். முதல் உலகப் போர்க்காலப் பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. இன்று நான் பேசப்போகும் இரண்டு பெண்களுக்கு அவை வைத்த பெயர் ‘பெர்வீஸின் மடோனாக்கள்’. பெர்வீஸ் பெல்ஜியத்தில் ஒரு கிராமம்; மடோனா என்றால் அன்னை மரியாள். எனக்கு அந்தப் பட்டம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கனிவு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவர்களை வீரர்கள் பதுங்கியிருந்த அகழிகள் வரை கொண்டுபோனது ஒரு மருத்துவக் கணிப்பு.

எல்ஸி நாக்கர் பயிற்சி பெற்ற செவிலி, வயது 30. மாரி சிஷோமுக்கு 18. இருவருக்கும் மோட்டார் சைக்கிள் பைத்தியம். பழக்கம் ஏற்பட்டதே அதனால்தான். 1914 செப்டம்பரில், மருத்துவர் ஹெக்டர் மன்றோ திரட்டிய ஆம்புலன்ஸ் குழுவில் தொண்டர்களாகச் சேர்ந்து பெல்ஜியம் போனார்கள்.

அங்கே எல்ஸி ஒன்றைக் கவனித்தார். பிழைக்க வேண்டியவர்கள் பலர் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துகொண்டிருந்தார்கள். ரத்தம் இழந்து, குளிரில் விறைத்துப்போன உடம்பு, குண்டும் குழியுமான சாலையில் மைல்கணக்காகக் குலுங்கினால் எப்படித் தாங்கும்? ரத்த அழுத்தம் சரிந்து உயிர் அடங்கிவிடும். அடிபட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே படுக்கவைத்து, ரத்தத்தை நிறுத்தி, கதகதப்பாக வைத்து, கொஞ்சம் தேறியபிறகு வண்டியில் ஏற்றலாமே என்பது அவர் வாதம். இன்று கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். அன்றைக்கோ, முன்னணி வரிசையில் பெண்களுக்கு வேலையே இல்லை என்பதுதான் ராணுவத்தின் எண்ணம்.

அந்த அக்டோபரில் பெல்ஜியப் படை கடலோர ஊரான நியூபோர்ட்டில் மதகுகளைத் திறந்து, கடல்நீரை வயல்களில் பாயவிட்டு ஜெர்மானியரைத் தடுத்திருந்தது. வெள்ளத்துக்கு இந்தப் பக்கம், ரயில் பாதையை ஒட்டிய பெர்வீஸ் கிராமம் இடிந்து கிடந்தது. நவம்பரில் அங்கே ஒரு வீட்டின் நிலவறையில் இருவரும் குடியேறினார்கள். அகழிகள் கூப்பிடு தூரத்தில். காயங்களுக்குக் கட்டுப் போட்டார்கள். வீரர்களுக்குச் சூடான சூப்பும் கோகோவும் காய்ச்சிக் கொடுத்தார்கள். குளிரில் கிடப்பவனுக்கு அதுவும் மருந்துதான். குண்டுவீச்சில் வீடு நொறுங்கியபோது வேறு வீட்டுக்கு மாறினார்களே தவிர, ஊரை விட்டுப் போகவில்லை.

செலவுக்குப் பணம்? பெரும்பாலும் நன்கொடைதான். அவ்வப்போது பிரிட்டனுக்குப் போய்க் கூட்டங்களில் பேசி வசூலித்தார்கள். நிருபர்களும் புகைப்படக்காரர்களும் வந்தால் வரவேற்றார்கள். நான் குறை சொன்னேனே, அந்த மடோனாப் பட்டம், அதுதான் பஞ்சும் கட்டுத்துணியும் வாங்கிக் கொடுத்தது. அவர்கள் அதைச் சகித்துக்கொண்டதில் வியப்பில்லை.

1915-இல் பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட் இருவருக்கும் இரண்டாம் லியோபோல்ட் விருது வழங்கினார். 1917-இல் பிரிட்டன் ராணுவப் பதக்கம் கொடுத்தது. 1918 மார்ச்சில் நச்சுவாயுத் தாக்குதலில் எல்ஸி கடுமையாகப் பாதிக்கப்பட்டார். அவரால் பெர்வீஸுக்குத் திரும்ப முடியவில்லை. மாரி திரும்பிப் போனார். அவரையும் மறுபடி வாயு தாக்கியது. பெர்வீஸ் முதலுதவி நிலையத்தை மூடவேண்டியதாயிற்று.

போருக்குப்பின் இருவரின் நட்பும் முறிந்துபோனது. மாரி கோழிப்பண்ணை வைத்தார். எல்ஸி, இரண்டாம் உலகப் போர் வந்ததும், விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து மறுபடி சீருடை அணிந்தார்.

வணக்கம்.