சோம்புத் தட்டில் இரண்டு வெள்ளி

(சிங்கப்பூரில் நடந்த பட்டிமன்றம்; ‘வெள்ளி’ என்பது இங்கே சிங்கப்பூர் டாலர். தலைப்பு: ‘உணவகங்களில் டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் தொடர வேண்டுமா, இத்தோடு போதுமா?’ ‘போதும்’ அணியின் இரண்டாம் பேச்சாளர் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களுக்கும், நான் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட எதிரணி அண்ணனுக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டுத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

அண்ணன் பேசி முடித்தபோது எழுந்த கைத்தட்டலை நானும் கேட்டேன். கொஞ்சம் பயந்தும் போனேன். ‘டிப்ஸ் வேண்டாம் என்பவன் கஞ்சன்’ என்று ஒரே வரியில் எங்கள் அணி முழுவதையும் கட்டிப் போட்டுவிட்டார். இனி நான் எதைப் பேசினாலும் உங்கள் காதில் சில்லறை குலுங்கும் சத்தம்தான் கேட்கும். ஆகவே முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் டிப்ஸ் கொடுப்பவள். போன வாரம்கூடத் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு, பில்லோடு வந்த சோம்புத் தட்டில் இரண்டு வெள்ளியை வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். வாங்கியும் இருக்கிறேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அண்ணன் சொன்னவை மூன்று. ஊழியர்களுக்குச் சம்பளம் குறைவு, அதனால் கொடுக்க வேண்டும். நன்றி சொல்வதற்கு அது ஒரு வழி. விருந்தோம்பும் தமிழனுக்கு அது பண்பாடு. மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், கைத்தட்டல் அதற்குத்தான் பலமாக விழுந்தது.

நம் கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள் நடுவர் அவர்களே. சாம்பார் வாளியோடு வருகிறவர் மணப்பெண்ணின் சித்தப்பாவாக இருப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று குனிவார். அவர் கையில் இரண்டு வெள்ளியை வைத்துப் பாருங்கள். அடுத்த கரண்டிச் சாம்பார் இலையில் விழாது, தலையில் விழும். பரிமாறுவது பெருமைக்குரிய வேலை, அதற்குக் காசை நீட்டுவது அவமானம் என்று வாழ்ந்த கூட்டம் நாம். இதில் டிப்ஸ் எங்கிருந்து பண்பாடாயிற்று?

ஆனால் நம் முன்னோர் டிப்ஸின் குணத்தை நன்றாகவே அறிந்திருந்தார்கள். ‘பரிமாறுகிறவன் நம்மவனாக இருந்தால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால்தான் என்ன?’ என்று ஒரு பழமொழி உண்டு. பரிமாறுகிறவன் நம்மவனானால் நம் இலையில் வடை இரண்டாக விழும், பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டே இருப்பார். உறவுக்காரர் பரிமாறாத ஊரில், முன்பின் தெரியாத ஒருவரை ‘நம்மவர்’ ஆக்கும் வேலையை ஐந்து வெள்ளித் தாள் செய்கிறது. அண்ணன் இதைப் பண்பாடு என்கிறார். என் பாட்டி இதற்கு வைத்திருந்த பெயர் பந்தி வஞ்சனை.

இனி சம்பளம். இதில்தான் விவரம் அதிகம்.

சிங்கப்பூரில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்கள் பலவற்றில், மெனு அட்டையில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம் ஏறி 110 வெள்ளி ஆகும். பிறகு 9 விழுக்காடு பொருள் சேவை வரி. அந்த வரி 100 வெள்ளிக்குப் போடப்படுவதில்லை, 110 வெள்ளிக்குப் போடப்படுகிறது. சேவைக்கும் வரி. ஆக 119 வெள்ளி 90 காசு. இருபது வெள்ளி கூடுதலாகக் கொடுத்துவிட்டு, அந்தப் பத்துக் காசு மிச்சத்தை எண்ணி வாங்குகிறோம் பாருங்கள், அதுதான் நம் சிக்கனம்.

இந்தப் பத்து விழுக்காட்டுச் சேவையை யார் செய்தார்கள் என்று அண்மையில் ஓர் உணவகத்தில் கணக்குப் பார்த்தேன். நாற்காலியை நானே இழுத்து உட்கார்ந்தேன். மேசையில் ஒட்டியிருந்த கியூஆர் குறியீட்டை என் கைப்பேசியால் படம் பிடித்து, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, எனக்கு நானே ஆர்டர் எடுத்தேன். தண்ணீர் கேட்டால் மூலையைக் காட்டினார்கள். போய்ப் பிடித்து வந்தேன். நியாயப்படி அந்த 10 வெள்ளி எனக்கு வந்திருக்க வேண்டும்!

சரி, எனக்கு வர வேண்டாம். எங்கே போகிறது? டிப்ஸுக்குப் பதிலாக வந்ததுதானே சேவைக் கட்டணம், அது ஊழியர்களுக்குப் போய்விடும் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதை ஊழியர்களுக்குப் பங்கிட்டே ஆக வேண்டும் என்று இங்கே எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. பங்கிடும் முதலாளிகள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கும்பிடு. கடையின் வருமானத்தோடு கலந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அண்ணன் இதையே எடுத்துச் சொல்லி, ‘பார்த்தீர்களா, அவர்களுக்குப் போகவில்லை, அதனால் தனியாக டிப்ஸ் கொடுங்கள்’ என்றார். ஓட்டைப் பையில் போட்ட காசு விழுந்துவிட்டது என்று சொன்னால், பையைத் தைக்கச் சொல்ல வேண்டும். அண்ணன் இன்னொரு கையில் காசை எடுக்கச் சொல்கிறார்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தானாம் என்பார்கள். டிப்ஸும் அப்படித்தான். தேங்காய் நம்முடையது. புண்ணியம் முதலாளிக்கு. சம்பள உயர்வு கேட்டுப் போகும் ஊழியரிடம், ‘அதுதான் டிப்ஸ் வருகிறதே’ என்று சொல்ல அவருக்கு ஒரு வாசகமும் நம் தயவில் கிடைத்துவிடுகிறது.

இந்த மேடையில் பலர் தொடாத ஒரு கணக்கு இருக்கிறது. 55 வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூர் ஊழியருக்குச் சம்பளமாக ஒரு வெள்ளி கொடுத்தால், அதன்மேல் முதலாளி 17 காசை அவருடைய மத்திய சேமநிதியில் போட வேண்டும். ஊழியர் தம் பங்குக்கு 20 காசு. அந்தச் சேமநிதியில்தான் நம்மில் பெரும்பாலோர் வீடு வாங்கியிருக்கிறோம், முதுமைக்கும் அதைத்தான் நம்பியிருக்கிறோம். சோம்புத் தட்டிலிருந்து நேராகச் சட்டைப்பைக்குப் போகும் அதே ஒரு வெள்ளிக்கு இந்த 17 காசு கிடையாது. மருத்துவ விடுப்பில் படுத்திருக்கும் நாளில் சம்பளம் வரும், டிப்ஸ் வராது. மழை கொட்டி மேசைகள் காலியாகக் கிடக்கும் மாலையில் டிப்ஸ் இல்லை. தீபாவளி நெருங்கும்போது நம் கையே சுருங்கிவிடும், அப்போதும் இல்லை. அவருக்குக் காசு மிகவும் தேவைப்படும் நாளாகப் பார்த்துக் கைவிடுகிற வருமானம் அது.

‘அமெரிக்காவில் கொடுக்கிறார்களே’ என்றார் அண்ணன். அங்கேயே போவோம். அங்கே கூட்டரசுச் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7 டாலர் 25 காசு. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தம் கையிலிருந்து 2 டாலர் 13 காசு கொடுத்தால் போதும். மீதியை டிப்ஸ் நிரப்பவில்லை என்றால்தான் முதலாளி நிரப்ப வேண்டும். இந்த 2 டாலர் 13 காசு 1991இல் வந்தது. இன்றும் அதேதான். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அண்ணன் எழுந்து சொல்வார்.

அந்த வழக்கத்தின் வேரைப் பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், படுக்கை வசதி ரயில் பெட்டிகளை நடத்திய ஜார்ஜ் புல்மேன் என்பவர், விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் பெட்டிப் பணியாளர்களாக அமர்த்தினார். சம்பளம் சொற்பம், மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள் என்பது ஏற்பாடு. பயணிகளின் காலணியைத் துடைக்கும் பாலிஷைக்கூட அவர்களே வாங்க வேண்டும். பயணிகள் அவர்கள் எல்லோரையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள், முதலாளியின் பெயரைச் சொல்லி! அடிமைக்கு எஜமானின் பெயரை வைத்த காலத்தின் எச்சம் அது. ஒவ்வொரு டிப்ஸுக்கும் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தாக வேண்டும். அவர்கள் 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு போராடி 1937இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். டிப்ஸ் வாங்கியே பிழைத்தவர்கள் சேர்ந்து நின்று கேட்டது சம்பளம்.

நடுவர் அவர்களே, இப்போது என் கதை.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்த காலத்தில், வார இறுதிகளில் ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பரிமாறினேன். கறுப்புக் காலணி என் செலவு. ஒரு திருமண விருந்தில், முதல் தட்டு வரும் முன்பே ஒருவர் என்னை அருகே கூப்பிட்டு, பத்து வெள்ளித் தாளை நான்காக மடித்து என் உள்ளங்கையில் அழுத்தினார். ‘எங்கள் மேசையைக் கொஞ்சம் கவனித்துக்கொள், அம்மா’ என்றார். நல்ல மனிதர்தான், குரலில் ஒரு கெடுதலும் இல்லை. கவனித்துக்கொண்டேன். மீன் வந்தால் முதலில் அவர் மேசை. குளிர்பானம் தீரும் முன்பே நிரப்பினேன். என் பொறுப்பில் இருந்த அடுத்த மேசையில் சக்கர நாற்காலியில் ஒரு மூதாட்டி வெந்நீர் கேட்டார். ‘இதோ’ என்றேன். மறுபடி கேட்டார். ‘இதோ’ என்றேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டி சொன்ன பந்தி வஞ்சனையைப் பத்து வெள்ளிக்குச் செய்தவள் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

விருந்து முடிந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அங்கே சுடுநீர்த் தொட்டியில் முழங்கை வரை கைவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு சீனத்து அம்மா, நான் அந்தத் தாளைப் பிரித்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். எட்டு ஆண்டுகளாக இங்கே வேலை பார்க்கிறேன், விருந்து நடக்கும்போது அந்தக் கதவைத் தாண்டிப் போனதே இல்லை என்றார். மண்டபத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவில், கையில் தட்டோடு முதுகால் தள்ளித் திறக்கும் கதவு அது. உணவு அந்தப் பக்கம் போகும், எச்சில் தட்டு இந்தப் பக்கம் வரும். அத்தனை ஆண்டில் ஒரு டிப்ஸ்கூட அதைத் தாண்டி அவரிடம் வந்ததில்லை. பாதியை அவரிடம் கொடுத்தேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. கொடுக்கவில்லை. மறுநாளே செலவழித்துவிட்டேன்.

முகம் தெரிகிறவர்களுக்குத்தான் டிப்ஸ், அண்ணா. உணவங்காடி நிலையத்தில் மேசை துடைக்கும் முதியவருக்கு நீங்கள் எத்தனை முறை கொடுத்திருக்கிறீர்கள்? சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை என்று அரசு 2021இல் சொன்ன பிறகுதான் பலருக்கு அவர் இருப்பதே தெரிந்தது. அவருக்குச் சோம்புத் தட்டு கிடையாது. அவரைப் போன்றவர்களுக்கு உதவியது படிப்படியாக உயரும் சம்பள முறை. துப்புரவுத் துறையில் தொடங்கி, 2022 செப்டம்பரில் சில்லறை விற்பனைக்கும், 2023 மார்ச்சில் உணவுச் சேவைத் துறைக்கும் வந்தது. மழையில் நனைந்துகொண்டு உணவு கொண்டுவருகிற விநியோக ஊழியர்களுக்கு 2025 ஜனவரியில் ஒரு சட்டம் நடப்புக்கு வந்து, வேலையிடக் காய இழப்பீட்டைக் கொடுத்தது, 1995 முதல் பிறந்தவர்களுக்குச் சேமநிதியையும் கட்டாயமாக்கியது. விபத்தில் கால் முறிந்தவருக்குச் செயலியில் நாம் தட்டிவிடும் இரண்டு வெள்ளி எத்தனை நாள் வரும்?

இந்த இடத்தில் என் கட்சி கொஞ்சம் தடுமாறும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சம்பள முறை சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வேலைக்கு வந்து நமக்குத் தோசை வைக்கும் தம்பிகள் அதற்குள் வருவதில்லை. நான் போன வாரம் சோம்புத் தட்டில் வைத்தது அப்படி ஒரு தம்பிக்குத்தான். வைத்துவிட்டு நிம்மதியாக பஸ் ஏறினேன். எனக்குப் பயமே அந்த நிம்மதிதான். அந்தத் தம்பியின் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தங்குமிடத்துக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள், சேவைக் கட்டணத்தில் பங்கு உண்டா என்ற மூன்று கேள்விகளையும் அந்த இரண்டு வெள்ளியோடு சேர்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நன்றி சொல்வது பற்றி அண்ணன் உருக்கமாகப் பேசினார். வாய் இருக்கிறதே. மேலாளரைக் கூப்பிட்டுப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள், எழுதியும் கொடுங்கள். காசு செலவில்லை என்பதால் அண்ணன் மறுபடியும் கஞ்சன் என்பார், பரவாயில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வருகிற அக்காவிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. டிப்ஸ் தொடர வேண்டும் என்றே தீர்ப்பு வரட்டும். பின்கட்டில் சுடுநீர்த் தொட்டி முன்னால் நிற்கும் அந்த அம்மாவிடம் அது எந்தக் கதவு வழியாகப் போகும்? பதிலைக் கேட்பதற்காக இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். வணக்கம்.