மாவைக் கழுவினால் என்ன மிஞ்சும்?

வணக்கம் நேயர்களே. கோதுமை மணி நாலைந்தை வாயில் போட்டு வெகுநேரம் மென்று பார்த்திருக்கிறீர்களா? மாவெல்லாம் கரைந்து உள்ளே போன பிறகு, சூயிங்கம் போல ஒன்று பல்லிடுக்கில் மிஞ்சும். அதுதான் குளூட்டன், கோதுமையின் புரதம். இறைச்சிக்குப் பதிலாகச் சைவ உணவுக்காரர்கள் சமைக்கிற பொருள் அதுவே. நீங்கள் வாயில் செய்ததை நான் பாத்திரத்தில் செய்கிறேன், அவ்வளவுதான்.

முதல் தடவை நடந்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, உருண்டையை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்தேன். அப்புறம் தண்ணீருக்குள்ளேயே கசக்கினேன். தண்ணீர் பால் போல வெளுத்தது. மாற்றினேன், மறுபடியும் பால். மூன்றாவது தண்ணீரில் உருண்டை நூல்நூலாகப் பிய்ந்து விரலிடுக்கில் நழுவியது. கெட்டுப்போச்சு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் கொட்டியது குளூட்டனை! இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் அந்த நூல்களே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ரப்பர் மாதிரித் திரண்டிருக்கும். ஸ்டார்ச் தண்ணீரோடு போய்விடும், புரதம் தண்ணீரில் கரையாது. விஷயமே இதுதான். அதனால் பிய்கிற கட்டத்தில் நிறுத்தாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், நிறுத்தாதீர்கள்.

சீனர்கள் இதற்கு வைத்த பெயர் 'மியென்ஜின்'. மாவின் தசைநார் என்று பொருள். இழுத்துப் பார்த்தவர் வைத்த பெயர்தான், சந்தேகமில்லை. புலால் உண்ணாத பௌத்தத் துறவிகளின் சமையலில் அதற்கு நெடுங்கால இடம் உண்டு. ஜப்பானில் 'ஃபு' என்பார்கள். இப்போது பலரும் சொல்கிற 'செய்டான்' 1960களில் ஜப்பானில் பிறந்த புதுப்பெயர்.

சமைக்கும்போது ஒன்று. கொதிக்கக் கொதிக்க வேகவிட்டால் உப்பிப்போய்ப் பஞ்சாகிவிடும். சிறுதீயில், உப்பும் மசாலாவும் போட்ட நீரில் வேக வேண்டும். அதற்கென்று தனிச் சுவை கிடையாது. நாம் கொடுப்பதைத்தான் அது திருப்பித் தரும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குளூட்டன் சாப்பிட்டால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. இந்தப் புரதத்தில் லைசின் என்கிற, உடலுக்கு அவசியமான அமினோ அமிலம் குறைவு. அன்றைய சாப்பாட்டில் பருப்பும் இருந்தால் அது ஈடாகிவிடும். கழுவிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அடியில் படிகிற ஸ்டார்ச்சை வைத்து... அது இன்னொரு நாள். வணக்கம்.